உப்பு போட்டா கெட்டியாகும்

எங்க ஊர் தண்ணிக்கும் சோப்புக்கும் ஆகவே ஆகாது. நான் பெரிய முதலியார்சாவடியிலேருந்து மரக்காணத்துக்கு வாக்கப்பட்டு வந்த புதுசுல, குளிக்கிற சோப்பைத் தேய் தேய்னு தேய்ச்சும் நுரை வரலைன்னு பாத்ரூம்ல உக்காந்து அழுதிருக்கேன். நுரைக்குப் பதிலா உடம்பெல்லாம் வெள்ளையா திட்டுத்திட்டா ஒட்டிக்கும். தலைக்கு ஊத்தினா சிக்கு விழும். எங்க போர் போட்டாலும் கரிக்கிற தண்ணிதான். குடிக்கிறதுக்குக் கேன் தண்ணி, மத்த எல்லாத்துக்கும் இந்தக் கருமம். துணிக்கு பார் சோப்பு வாங்கறவங்க எங்க தெருவுல யாரும் கிடையாது, பவுடர்தான் வாங்குவோம். பவுடர் ஒண்ணுதான் இந்தத் தண்ணியை மதிக்காம நுரைக்கும். உப்பளத்துக்குப் போயிட்டு வர்றவங்க புடவையைக் காயப் போட்டா விறைச்சுக்கிட்டு நிக்கும், அதுல ஏறின உப்பை எடுக்கறதுக்கும் அந்தப் பவுடர்தான்.

சோப்பு வேற, டிடர்ஜென்ட் வேறன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது கோட்டக்குப்பத்துல நடந்த மகளிர் குழு பயிற்சியிலதான். சொல்லிக் குடுத்த மேடம் போர்டுல தவளைக் குஞ்சு மாதிரி ஒண்ணு வரைஞ்சாங்க. இதோட தலை தண்ணியைப் பிடிச்சுக்கும், வால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிச்சுக்கும், ரெண்டையும் விடாம இழுத்துக்கிட்டு வெளிய போயிடும், டிடர்ஜென்ட்டுன்னா அவ்வளவுதாம்மான்னு சொன்னாங்க. புருஷனுக்கும் மாமியாருக்கும் நடுவுல மாட்டின மருமக மாதிரியான்னு நான் கேட்டேன். மேடமே சிரிச்சிட்டாங்க. அப்புறம் தரை துடைக்க எது, துணிக்கு எது, பாத்திரத்துக்கு எதுன்னு ஒவ்வொண்ணா செஞ்சு காட்டினாங்க. பாத்திரம் தேய்க்கிற லிக்விட்தான் எனக்குப் பிடிச்சுது. வெள்ளைப் பேஸ்ட் ஒண்ணு கடையில விக்கிறாங்க, அதைத் தண்ணியில கரைக்கணும். கரைச்சா தண்ணியாத்தான் இருக்கும். கடைசியில உப்பு போடுங்க, உப்பு போட்டா கெட்டியாகும்னு மேடம் சொன்னாங்க. மரக்காணத்துலேருந்து போயிருந்த நாங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். உப்பைப் பத்தி எங்களுக்கே பாடமா? மேடம் அதைப் பத்தி இன்னும் என்னவோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நாங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையை எடுக்க ஆரம்பிச்சிட்டோம்.

இந்தத் தொழிலை நான் எனக்காக ஆரம்பிக்கல. எனக்குத் தையல் மிஷின் இருக்குது, என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டறார். நான் ஆரம்பிச்சது எங்க அக்காவுக்காக. அக்கான்னா கூடப் பொறந்தது இல்ல, வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அண்ணன் போய்ச் சேர்ந்துட்டார். ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. அக்கா எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுல தனியா இருக்குது. கல்யாணம் ஆன நாள்லேருந்து உப்பளம்தான். அதுக்கு சர்க்கரை வியாதி வந்து, பாதத்துல கட்டைவிரலுக்குக் கீழ ஒரு புண்ணு வந்து, அது ஆறாம சுண்டக்கா அளவுக்குப் பள்ளமாகவே நின்னுபோச்சு. காலுல உணர்ச்சி கிடையாது. ஒருநாள் செருப்பைத் துளைச்சு ஆணி ஏறினது தெரியாம பஜார் வரைக்கும் நடந்து போயிட்டு வந்திருக்குது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில டாக்டர் உடைச்சே சொல்லிட்டார். இனிமே உப்புத் தண்ணியில கால் வெச்சா விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோட நிக்குமான்னும் சொல்ல முடியாதுன்னு. அக்கா தலையை ஆட்டிச்சு. பஸ்ல வரும்போது என்னைப் பாத்து, அப்போ நான் எதைத் தின்னுறதுடின்னு கேட்டுது. எங்க வீட்டுல சாப்பிடேன்னா முறைக்கும். நல்ல நாள்ல கூப்பிட்டா வரும், அதுவும் கையில எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் வரும். சும்மா வந்து ஒரு வேளை உக்காந்து தின்னது கிடையாது. ரோஷம் அப்படி.

உப்பளத்துல ஒரு வழக்கம் இருக்குது. பொங்கல் முடிஞ்சதும் பாத்திக்குத் தண்ணி விட்டு, களிமண் தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு இறுக வைப்பாங்க. வரிசையா கைகோத்து நின்னு நாள்கணக்கா மிதிக்கணும். அந்த மிதிக்கிற வேலைக்கு யார் வர்றாங்களோ, அவங்களுக்குத்தான் அந்த வருஷம் முழுக்க வேலை. மிதிக்க வராதவங்க நடுவுல போய் நின்னா மேஸ்திரி சேர்க்க மாட்டார். அதனால மிதி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரி வீடு வீடா வந்து, வர்றியா இல்லையான்னு கேட்டுட்டுப் போவார். அந்த வருஷம் எங்க தெருவுக்கு ஒரு புதன்கிழமை சாயங்காலம் வர்றதா சொல்லியிருந்தார்.

அதே புதன்கிழமை மதியம் மூணு மணிக்குத்தான் ஹோட்டல்காரர் வர்றதா இருந்துது. கீழ்புத்துப்பட்டு பக்கம் ஈசிஆர் ரோட்டு மேல ஒரு பெரிய ஹோட்டல். அங்க ஸ்டோர் பாக்கறவருக்கு என் வீட்டுக்காரர் மூலமா சாம்பிள் பாட்டில் குடுத்தனுப்பியிருந்தோம். விளக்கெண்ணெய் மாதிரி பச்சையா, கெட்டியா, எலுமிச்சம்பழ வாசனையோட இருந்துது. அவருக்குப் பிடிச்சுப்போச்சு. இதே மாதிரி இருந்தா மாசாமாசம் எடுத்துக்கறேன், புதன்கிழமை வண்டியோட வர்றேன், முதல் கேனைத் தயாரா வைங்க, தண்ணியா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்னு சொல்லிட்டார். அக்கா வேற எதையும் சொல்லல, மேஸ்திரிக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஹோட்டல்காரர் வந்துட்டுப் போகட்டும்னு மட்டும் சொல்லிச்சு. மூணு மணிக்கு அவர் எடுத்துக்கிட்டா அக்கா பாத்திக்குப் போகாது. எடுக்கலைன்னா அடுத்த வாரம் அந்தக் கால் உப்புத் தண்ணிக்குள்ள நிக்கும்.

காலையிலயே எங்க வீட்டுப் பின்கட்டுல நீல டிரம்மை உருட்டிக்கிட்டு வந்து வெச்சோம். அக்காவோட கால் கட்டு மேல ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி, கணுக்கால்ல ரப்பர் பேண்டு போட்டு விட்டேன். ஈரம் படக் கூடாதுன்னு. அக்கா எப்பவும் அப்படித்தான் செய்யும், குளிக்கிறதுக்கும் அப்படித்தான். சாம்பிளைச் சின்னக் குண்டான்ல கேன் தண்ணியில செஞ்சோம். இது பெரிய டிரம். இதுக்குக் கேன் தண்ணி வாங்கினா கட்டுப்படியாகுமா? பாத்திரம் தேய்க்கறதுக்கு மினரல் வாட்டரு கேக்குதான்னு நான்தான் பேசினேன், அக்காவும் ஆமான்னுச்சு. போர் தண்ணியைப் பிடிச்சு ஊத்தினோம். வெள்ளைப் பேஸ்ட்டைக் கொட்டினோம். அக்கா துடுப்புக் கட்டையால கிண்டிச்சு. உப்பு வாரிப் பழகின கையில்லையா, சுத்தி வர்றது ஒரே சீரா இருக்கும். பேஸ்ட் கரைஞ்சு, பச்சைக் கலர் ஊத்தி, சென்ட் ஊத்தி, கடைசியில உப்புக்கு வந்தோம்.

ஒரு கை அள்ளிப் போட்டுது அக்கா. கிண்டக் கிண்ட கட்டை இழுத்துப் பிடிச்சுது. பாத்தியாடின்னு என்னைப் பாத்து அக்கா சிரிச்சுது. கரண்டியில எடுத்து ஊத்திப் பாத்தேன், கெட்டியாத்தான் இருந்துது, ஆனா சாம்பிள் அளவுக்கு இல்ல. இன்னும் கொஞ்சம் போட்டா சரியாகிடும்னு ரெண்டு பேருக்குமே தோணிச்சு. இன்னொரு கை போட்டுது. கிண்டிச்சு. கட்டை லேசா சுத்த ஆரம்பிச்சுது. அக்கா முகம் மாறிடுச்சு. கரண்டியால எடுத்தேன், சர்ருன்னு ஊத்துது, ரசம் மாதிரி.

பத்தலைன்னு அக்கா சொல்லிச்சு. எனக்கும் அப்படித்தான் பட்டுது. உப்பு போட்டா கெட்டியாகும்னுதானே மேடம் சொன்னாங்க, கெட்டியாகலைன்னா உப்பு பத்தலைன்னுதானே அர்த்தம்? இன்னொரு கை. அதுக்கப்புறம் இன்னொரு கை. ஒவ்வொரு கைக்கும் அது இளகிக்கிட்டே போச்சு. பளபளன்னு இருந்த பச்சை, கழுநீர் மாதிரி கலங்கிப்போச்சு. நான் டிரம்மையே பாத்துக்கிட்டு நின்னேன்.

மேடத்துக்கு போன் போட்டேன். எடுக்கல. திரும்பப் போட்டேன், எடுக்கல. வாட்ஸப்ல பேசி அனுப்பினேன். வேற எங்கயோ கிளாஸ் எடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, கெட்டியாகலைன்னா கொஞ்சமா உப்பு சேருங்கம்மான்னு ரெண்டு வரி வந்துது. நான் உப்பு போட்ட கதையை ஒழுங்கா சொல்லியிருந்தாத்தானே அவங்க ஒழுங்கா பதில் சொல்லுவாங்க? பதட்டத்துல, லிக்விட் தண்ணியா இருக்குது மேடம் என்ன பண்றதுன்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். அந்த ரெண்டு வரியை நம்பி இன்னொரு கையும் போட்டோம்.

மணி பன்னெண்டு தாண்டிடுச்சு. வெயில் பின்கட்டுத் தகரத்து மேல இறங்கிக்கிட்டு இருந்துது. டிரம்முலேருந்து சிந்தினதெல்லாம் தரையில வழுவழுன்னு ஓடுது. அக்கா ஒரு கால்ல செருப்பும் ஒரு கால்ல கவருமா நின்னுக்கிட்டு கிண்டறதை நிறுத்தவே இல்ல. கொஞ்சம் உக்காருக்கான்னு சொன்னேன். உக்காந்தா கெட்டியாகிடுமான்னு கேட்டுது. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. நீ கை கையா அள்ளிக் கொட்டினதாலதான் இப்படி ஆச்சுன்னு கத்தினேன். போர் தண்ணி போதும்னு சொன்னது யாருன்னு அது திருப்பிக் கத்திச்சு. உப்புல கிடந்தவளுக்கு உப்பு அளவு தெரியலையான்னு நான் கேட்டேன். அந்த வார்த்தையை நான் பேசியிருக்கக் கூடாது. அக்கா கட்டையை டிரம்முக்குள்ளயே விட்டுட்டு, சுவத்தைப் பாத்து நின்னுக்கிச்சு.

அப்புறம் அமைதியா சொல்லிச்சு.

"விடுடி. மேஸ்திரிகிட்ட வர்றேன்னே சொல்லிடறேன். எனக்கு அதான் தெரியும்."

எனக்கு அப்படியே அறையலாம் போல இருந்துது. அதையா என்னையா, தெரியல. போயேன், போய் காலை வெட்டிக்கிட்டு வா, நான் தூக்கிச் சுமக்கறேன்னு என்னென்னவோ பேசினேன். பேசிக்கிட்டே, மாத்திரை போட்டியான்னும் கேட்டேன். போடல. சொம்புல கேன் தண்ணி கொண்டுவந்து குடுத்தேன். சர்க்கரை மாத்திரையை முழுங்கிட்டு மீதித் தண்ணியோட சொம்பைக் கீழ வெச்சுது.

அந்தச் சொம்பைத்தான் நான் எடுத்தேன். நல்லா புத்தியோட எல்லாம் எடுக்கல. இருந்த கடுப்புல, இந்தக் கழுநீர் ஒரு பாத்திரத்தையாவது கழுவுதான்னு பாக்கலாம், அதுவும் இல்லைன்னா டிரம்மை அப்படியே சாக்கடையில கவுத்துடலாம்னு, சொம்பை டிரம்முக்குள்ள விட்டு மொண்டேன். உள்ள பாதி குடிதண்ணி இருந்துது, அதைக்கூட ஊத்திட்டு மொள்ளத் தோணல. கரண்டியை விட்டு ரெண்டு சுத்து கலக்கிட்டு, தேய்க்கக் கிடந்த எண்ணெய்ச் சட்டி மேல சாய்ச்சேன். விழல. சொம்பைத் தலைகீழா பிடிச்சேன். நுங்கு மாதிரி மெதுவா, வழிஞ்சு வழிஞ்சு வந்துது.

ரெண்டு பேரும் அதையே பாத்தோம். அக்காதான் முதல்ல வாயைத் திறந்துது. தண்ணி ஊத்தினா கெட்டியாகுதாடின்னு கேட்டுது. நம்பவே முடியல. இன்னொரு சொம்பு மொண்டு, கேன் தண்ணி கொஞ்சமா விட்டுக் கலக்கினோம். கலங்கல் போயி, கட்டியா நின்னுச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. உப்பு போட்டா கெட்டியாகும், ஆனா ஒரு அளவுக்கு மேல போட்டா அதே உப்பு அதை இளக்கிடும். நாங்க ஊத்தின தண்ணியிலயே முக்கால்வாசி உப்பு. அதுக்கு மேல அக்கா கை. பையை எடுத்துக்கிட்டு நாங்க பஸ்ஸுக்கு ஓடினப்போ மேடம் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருப்பாங்க.

மணி ஒண்ணரை. வீட்டுல ஒரு கேன்ல பாதிதான் இருந்துது. பக்கத்து வீட்டுல ஒண்ணு, எதிர்வீட்டுல ஒண்ணுன்னு கடனா வாங்கிக்கிட்டு ஓடி வந்தேன். டிரம்முல இடம் இல்ல, மேல இருந்து மொண்டு குண்டான், அண்டா, பக்கெட்டுன்னு கிடைச்சதுல எல்லாம் ஊத்தினோம். அப்புறம் டிரம்முல நல்ல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டோம். இப்போ ரெண்டு பேருக்கும் பயம். அதிகமா ஊத்திட்டா மறுபடி போயிடுமோன்னு. நான் ஒரு டம்ளர் ஊத்துவேன், அக்கா கிண்டும், நான் கரண்டியில எடுத்துக் காட்டுவேன். ஊத்து. நிறுத்து. இன்னும் கொஞ்சம் ஊத்து. வேற பேச்சே இல்ல. மொள்ளும்போதும் சாய்க்கும்போதும் அக்கா மேலயெல்லாம் கொட்டிச்சு, புடவை முழங்காலு வரைக்கும் நனைஞ்சு கால்ல ஒட்டிக்கிச்சு. அது அதைக் கவனிக்கவே இல்ல. கட்டை கனக்க ஆரம்பிச்சுது. அக்காவோட கழுத்து நரம்பு புடைச்சுது. நல்லா இறுகிக்கிச்சுடி, போதும் போதும்னு அது சொல்லும்போது கிட்டத்தட்ட அழுதுடுச்சு.

வண்டிச் சத்தம் கேட்டுது. ஹோட்டல்காரர் நேரா பின்கட்டுக்கே வந்துட்டார். மூடியைத் திறந்து மோந்து பாத்தார். கரண்டியை விட்டு உசரத் தூக்கி ஊத்தினார். நான் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டேன். லிக்விட் அறுபடாம ஒரே கம்பியா இறங்கிச்சு. சாம்பிளை விட நல்லா வந்திருக்குதேன்னு சொல்லிட்டு, கேன்ல நிரப்பச் சொன்னார். அடுத்தது எப்போன்னு கேட்டுக்கிட்டே வண்டியில ஏத்திக்கிட்டார். நாங்க டீ போட்டுக் குடுத்ததைக்கூடக் குடிக்காம கிளம்பிட்டார். அவருக்கு அது ஒரு கேன் லிக்விட், அவ்வளவுதான்.

நாங்க அப்பவும் உக்காரல. அண்டாவுலயும் பக்கெட்டுலயும் எடுத்து வெச்சதை எல்லாம் அதே மாதிரி சரி பண்ணினோம். அடுத்த கேனுக்கு ஆகுமேன்னு. சாயங்காலம் மேஸ்திரி வந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்ல. வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, என்னம்மா, பேரைச் சேத்துக்கட்டுமான்னு அக்காவைப் பாத்துக் கேட்டார். அக்கா பின்கட்டுலேருந்து நடந்து வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு நின்னுது.

"நான் வரலைங்க. என் எடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மேஸ்திரிக்கே ஆச்சரியம். உடம்பு முடியலையான்னு கேட்டார். தொழில் பண்றேங்கன்னு அக்கா சொல்லிச்சு. அதோட வாயிலேருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்ல. அவர் போனதும் நான் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். என்னடி இது, சின்னப் பொண்ணு மாதிரின்னு முதுகுல ஒண்ணு வெச்சுது. அந்த நிமிஷம் மாதிரி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்துலகூட எனக்கு இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்.

உள்ள வந்து அக்காவை ஸ்டூல்ல உக்கார வெச்சேன். தரையெல்லாம் கழுவி விடணும், அதுக்கு முன்னாடி கால் கட்டை மாத்திடலாம்னு, அதோட காலைத் தூக்கி என் மடியில வெச்சேன். கனமா இருந்துது. கவர் உப்பிக்கிட்டு இருந்துது. ரப்பர் பேண்டைக் கழட்டினேன். பச்சைத் தண்ணி குபுக்குன்னு என் மடியில ஊத்திச்சு. நுரையோட. வெளிய இருந்து ஈரம் போகாம இருக்கத்தான் கவரு. மேல இருந்து சிந்தினது, புடவையில வழிஞ்சது எல்லாம் உள்ள இறங்கி, வெளிய போக வழியில்லாம அங்கயே நின்னிருக்குது. காலையிலேருந்து அந்தக் கால் உப்பும் லிக்விடும் நிறைஞ்ச பைக்குள்ளதான் நின்னிருக்குது. கட்டுத் துணியைப் பிரிச்சேன். தோல் வெளுத்துப்போய், துணியோடவே உரிஞ்சு வந்துது. சுண்டக்கா அளவு இருந்த பள்ளம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியல.

வலிக்கலையாக்கான்னு கேட்டேன். வலிச்சா சொல்லமாட்டேனாடின்னு அது எட்டிப் பாத்துச்சு. பாத்துட்டு, சரி, நல்ல தண்ணி ஊத்திக் கழுவி விடுன்னுச்சு. கேன்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

ராத்திரியோட ராத்திரியா ஒண்ணும் ஆகல. மறுநாள் பக்கத்துல இருக்கற டாக்டர்கிட்ட கட்டு மாத்தி, ஊசி போட்டுக்கிட்டு வந்தோம். ரெண்டு நாள்ல கால் வீங்கிடுச்சு, ஜுரம் வந்துடுச்சு. கட்டைவிரலும் அதுக்கு அடுத்த விரலும் நிறம் மாறிடுச்சு. என் வீட்டுக்காரர் லோடு வண்டியிலயே படுக்க வெச்சு பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம்.

அதே டாக்டர். காலைப் பாத்ததும் அவருக்குக் கோவம் வந்துடுச்சு. எத்தனை நாள் உப்பளத்துல நின்னேன்னு அக்காவைக் கேட்டார்.

"போகலைங்க. வீட்லதாங்க இருந்தேன்."

அவர் நம்பல. என்னைப் பாத்தார். ஆமாங்க, வீட்லதான் இருந்தாங்கன்னு நானும் சொன்னேன். ரெண்டு பேரும் சேந்து பொய் சொல்றோம்னு நினைச்சிட்டார். உப்புத் தண்ணியில ஊறின கால் எனக்குத் தெரியாதா, உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றதுன்னு வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி திட்டினார். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்துது. போகமாட்டேன்னு சொல்லிட்டு வந்த வேலைக்காக அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிச்சு. நடந்ததைச் சொல்லிடலாம்னு நான் வாயெடுத்தேன், அக்கா என் கையை அழுத்திச்சு. அவர் ரெண்டு விரலையும் எடுத்தாகணும்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார்.

ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போற தள்ளுவண்டி வர்ற வரைக்கும் வராண்டாவுல காத்திருந்தோம். என் போன் அடிச்சுக்கிட்டே இருந்துது. ஹோட்டல்காரர் நம்பர். நான் எடுக்கல. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. வீட்டுக்குப் போனதும் அந்த லிக்விட் கருமாந்திரத்தை மொத்தமா சாக்கடையில கொட்டிட்டுத்தான் மறுவேலைன்னு அக்காகிட்ட சொன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பாத்துது. அதோட கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

"கொட்டிட்டு? ரெண்டு விரல் இல்லாம என்னைப் பாத்தி மிதிக்கச் சொல்றியா?"

போன் மறுபடி அடிச்சுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு எடுத்தேன். அடுத்த கேன் தயாரா இருக்குதுங்க, எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கோங்கன்னு ஹோட்டல்காரர்கிட்ட சொன்னேன்.